நிரலைப் படிப்பது யார்?

2011 டிசம்பர் 31 இரவு, இணைய இணைப்புகளை மறையாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பீட்’ என்ற சிறு வசதி சேர்ந்தது. இணைப்பின் மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்ப்பதே அதன் வேலை. எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். தான் அனுப்பியது இத்தனை பைட் என்று மறுமுனை சொல்லும் எண்ணை, உண்மையில் வந்து சேர்ந்த தரவின் நீளத்தோடு ஒப்பிட வேண்டிய வரி அதில் இல்லை. இருவர் கண்ணுக்கும் அது தப்பியது. 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு அந்த நிரல் உலகமெங்கும் பரவியது. 2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர் பெற்ற இந்தப் பிழை அம்பலமாகும் வரை, பொய்யான நீளத்தைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும் சேவையகங்கள் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை தம் நினைவகத்தை அள்ளிக் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம், சான்றிதழின் இரகசியத் திறவியே இருக்கலாம். கனடாவின் வருமான வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் திருடு போயின.

அந்த மூலநிரல் இரண்டு ஆண்டுகளும் எல்லோர் கைக்கும் எட்டும்படி திறந்தே கிடந்தது.

திறந்த மூலநிரல் படிப்பதற்கான உரிமையைத் தருகிறது; படிக்கும் ஆளைத் தருவதில்லை. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் அப்போது முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதன் மேல் தொழில் நடத்திய நிறுவனங்களின் வருமானத்தை அருகில் வைத்துப் பார்த்தால், பிழை எங்கே தொடங்கியது என்பது புரியும். அந்த இருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமே இல்லை.

லினக்ஸ் வெளியீடான டெபியனில் நடந்தது இன்னும் வருத்தமானது. 2006இல் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்க, அங்குள்ள பராமரிப்பாளர் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளை நீக்க எண்ணினார். நீக்கலாமா என்று முன்கூட்டியே கேட்கவும் செய்தார். கிடைத்த பதிலில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஊகிக்க முடியாத எண்களை உருவாக்கத் தேவையான விதை அந்த வரிகள் வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவை போன பின் எஞ்சியது செயல்முறை எண் மட்டும்: அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டறியும் வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எண்ணற்ற திறவிகள் ஊகித்துவிடக்கூடியவையாக இருந்தன. அக்கறையோடு கேட்ட ஒருவருக்கு நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்ல நேரமுள்ள நிபுணர் அங்கே இல்லை.

ஹார்ட்பிளீடுக்குப் பிறகு பணம் வந்தது. லினக்ஸ் அறக்கட்டளை நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஓப்பன்பிஎஸ்டி குழு லிப்ரெஎஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து, முதல் வாரத்திலேயே பல்லாயிரம் வரிகளைத் தூக்கி எறிந்தது. கூகுள் போரிங்எஸ்எஸ்எல்லைத் தனியே வளர்த்தது. இவற்றில் இத்துறையினர் முதலில் கற்க வேண்டியது நீக்கும் துணிவு. ஹார்ட்பீட் பெரும்பாலான வலைத்தளங்களுக்குத் தேவையே படவில்லை. ஆனாலும் கேட்காமலே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின், 2018இல் வெளியான 1.3 தரமும் இந்த வழியில்தான் நடந்தது: ஆர்சி4, சிபிசி மறையாக்க முறைகள், ஆர்எஸ்ஏ வழித் திறவிப் பரிமாற்றம் எல்லாம் வெளியேறின.

கற்க வேண்டிய இரண்டாவது, மறுக்க வேண்டியதை நூலகம் மறுக்கிறதா என்ற சோதனை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பிழையில், ஒரே வரி இரு முறை பதிந்ததால் சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டமே தாண்டப்பட்டது. அந்த மூலநிரலும் பொதுவில் கிடைத்ததே. தவறான கையொப்பத்தோடு ஓர் இணைப்பைத் தொடங்கிப் பார்க்கும் சோதனை இருந்திருந்தால் முதல் நாளே சிக்கியிருக்கும். சரியான உள்ளீட்டை ஏற்கிறது என்று மட்டும் காட்டும் சோதனைகள் மறையாக்க நூலகத்துக்குப் போதாது.

நிரல் சரியென்று கணித முறையில் நிறுவும் வழியும் ஆய்வகத்தைத் தாண்டிவிட்டது. ஹாக்ல்-ஸ்டார் திட்டத்தில் அப்படி நிறுவப்பட்ட நிரல் 2017இலேயே ஃபயர்ஃபாக்ஸில் இடம்பெற்றது. ஆனால் அந்த நிரூபணம் எந்த மட்டம் வரை செல்லும் என்பதைக் கேட்டாக வேண்டும். குவாண்டம் கணினிக் காலத்துக்கான கைபர் முறையின் மாதிரி நிரலில், இரகசியத்தைப் பொறுத்து நேரம் மாறும் ஒரு வகுத்தல் கணக்கு இருந்தது 2023 இறுதியில் தெரியவந்து திருத்தப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு வேறொன்று வெளிப்பட்டது. மூலநிரலில் கிளைபிரியாமல் கவனமாக எழுதியிருந்த ஒரு பகுதியை, கிளாங் தொகுப்பி சில அமைப்புகளில் கிளைபிரியும் கட்டளையாக மாற்றிவிட்டது. அதனால் எழுந்த நேர வேறுபாட்டை அளந்தே சில நிமிடங்களில் இரகசியத் திறவியை மீட்க முடிந்தது.

மூலநிரலை எத்தனை பேர் வரிவரியாகப் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. 2025 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5இல் கைபரின் தரப்படுத்தப்பட்ட வடிவமான எம்எல்-கெம் சேர்ந்துவிட்டது. மற்ற நூலகங்களிலும் அது வேரூன்றுகிறது. இந்த நூலகங்களைப் பராமரிப்போர், தொகுப்பியின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும், ஆதரவு தரும் ஒவ்வொரு செயலிக்கும், தொகுத்த பின் கிடைக்கும் இயந்திர நிரலின் மீதே நேர வேறுபாட்டுச் சோதனையை ஓட்ட வேண்டும். அதற்கான கருவிகள் கையில் உள்ளன. அவற்றை இயக்கி, முடிவுகளைப் படித்து, தேவையானால் வெளியீட்டை நிறுத்தி வைக்கும் ஆளுக்கான சம்பளத்தை, நூலகத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வரவுசெலவில் எழுத வேண்டும்.