பழவேற்காட்டு ஏரியும் நம் உல்லாசப் பிரயாணமும்

விடுமுறை நெருங்கினால் மாணவர்களாகிய நமக்கு உல்லாசப் பிரயாணத்தில் நாட்டம் உண்டாதல் இயல்பே. புத்தகங்களால் களைத்த கண்களுக்கு நீர்ப்பரப்பும் பறவைக் கூட்டமும் நல்ல மருந்தாகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாம் செல்லும் இடம் யாருடைய இடம் என்று புறப்படுமுன் சிறிதேனும் சிந்திக்கிறோமா? இவ்வினாவை ஆரம்பாக்கத்தை முன்னிட்டு ஆராய விரும்புகின்றோம்.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புகைவண்டி கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் கடந்து ஆரம்பாக்கத்தை அடைகிறது. அடுத்த நிலையமாகிய தடா ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. இவ்வூருக்குக் கிழக்கே விரிந்து கிடப்பதே பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவிலுள்ள சில்காவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்திலுள்ள பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இரண்டும் கலக்குமிடத்தில் இறாலும் நண்டும் மீனும் செழிக்கின்றன. அவற்றை நாடியே குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா முதலிய புட்கள் திரள்கின்றன. இவ்வேரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று.

பூநாரை ஆழமற்ற நீரில் நின்று, தன் வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். நாள் முழுதும் பொறுமையுடன் செய்யவேண்டிய வேலை அது. ஆனால் நம்மவருள் சிலர், அவை ஒருசேரப் பறக்கும் காட்சியைக் காணவேண்டி, படகை அவற்றினிடையே செலுத்தச் சொல்கின்றனர், கைதட்டி ஆரவாரிக்கின்றனர். ஒவ்வொரு முறை வெருண்டெழும்போதும் அப்பறவை தேடிய உணவின் வலிமை வீணாகிறது. நெடுந்தூரம் திரும்பிச் செல்ல வேண்டிய வழிப்போக்கனின் கட்டுச்சோற்றைப் பறித்துவிட்டுச் சிரிப்பது போன்றதன்றோ இது?

பறவைக்கு உணவுச்சாலையாகிய இவ்வேரி மீனவர்க்கு விளைநிலமுமாகும். யார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இங்குள்ள மீனவருள் நெடுங்காலமாக நிலவுகிறது. தம் முறை வரும்வரை ஒருவர் காத்திருக்க, அந்நாளில் நம் படகு வலையைக் கலைத்துச் செல்லுமாயின் அவர் இழப்பை யார் ஈடுசெய்வர்? 'கூலி கொடுத்தோம்' என்று நாம் சொல்லலாம். கூலி பெற்றவர் ஒருவர், வலை இழந்தவர் மற்றொருவர்.

நம் உயிருக்கும் எச்சரிக்கை வேண்டும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்து பிறந்த நாளில், இன்பமாகப் பொழுது போக்க வந்த குடும்பத்தினர் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பண்டிகை நாள் பிலாக்கண நாளாயிற்று. நீர் அமைதியாகத் தோன்றுவது நமக்கு அபயம் ஆகாது.

'அப்படியாயின் வெளியாரை அறவே தடுத்தல் சிறந்தது' என்பாரும் உளர். அவர்தம் அச்சம் நியாயமானதே. எனினும் நாம் அதற்கு இணங்கோம். காணாத ஒன்றினிடத்து அன்பு பிறப்பது அரிது. அன்பில்லாத இடத்தில் சட்டம் நெடுநாள் நில்லாது. ஆகவே செல்வோம், விருந்தினராகச் செல்வோம். சிறு கூட்டமாகச் சென்று, கரையில் நின்றே தூரதரிசினியால் பறவைகளைக் காண்போம். அனுமதியும் மிதவைச் சட்டையும் இல்லாத படகில் ஏறோம். ஊராரிடம் வழி கேட்டு, அவர் விலக்கும் இடத்தை விலக்குவோம். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொணர்வோம்.

விருந்தினர்க்கு இலக்கணம் யாதெனில், அவர் சென்றபின் வீட்டார் மீண்டும் வரவேண்டுமென்று விரும்புதலே. ஏரிக்கரையிலும் அவ்விலக்கணத்தைக் காத்தல் கற்றார்க்குக் கடனாம்.