பழைய துணி, ஒரு சாக்கு, ஒரு கொக்கி!

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது நியூஃபவுண்ட்லாந்து தீவு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் வடபகுதியில் கடலே உறைந்து கிடக்கும். படகுகளுக்கு வேலை இல்லை. வெளியே பனி கொட்டும் அந்த நாள்களில், அங்குள்ள மீனவர் வீட்டுப் பெண்கள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பது சாக்குத் துணி. பக்கத்தில் பழைய துணிகளைக் கிழித்த குவியல். கையில் ஒரு கொக்கி. அவ்வளவுதான் மூலதனம்!

இந்தக் கைவேலைக்குப் பெயர் 'ரக் ஹூக்கிங்'. கொக்கியால் இழுத்து இழுத்தே கால்மிதி செய்வது. 19-ம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இது பரவியதற்கு ஒரு காரணம், நம் வங்காளத்துச் சணல். தானியமும் தீவனமும் வந்த சணல் சாக்குகளைத் தூக்கிப் போட மனசில்லாத பெண்கள், பிரித்து விரித்துக் கால்மிதிக்கு அடித்துணியாக்கினார்கள்.

எப்படிச் செய்வது?

ரொம்பச் சுலபம். சாக்கின் மேல் கரியால் படம் வரைந்துகொள்ள வேண்டும். பழைய கம்பளித் துணியை கால் அங்குல அகலக் கீற்றுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கை சாக்குக்கு அடியில் கீற்றைப் பிடித்திருக்கும். மற்றொரு கை மேலிருந்து கொக்கியை உள்ளே விட்டு, கீற்றைச் சின்ன வளையமாக மேலே இழுக்கும். பக்கத்து ஓட்டையில் அடுத்த வளையம். முடிச்சே கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால்தான் பிடிமானம். தப்பாகிவிட்டால் உருவி எடுத்துவிட்டு மறுபடி போடலாம்.

வீட்டுக்காகச் செய்த இந்த வேலை வருமானமாக மாறியது, ஒரு மருத்துவரால். 1892-ல் இங்கிலாந்திலிருந்து லாப்ரடாருக்கு வந்தவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல். அங்கே மீனவர்கள் கையில் காசு புழங்கியதே அபூர்வம். வியாபாரியிடம் கடனுக்குச் சாமான் வாங்கி, மீனைக் கொடுத்துக் கழிப்பார்கள். வறுமையும் நோயும் சேர்ந்தே இருப்பதைப் பார்த்த கிரென்ஃபெல், மருத்துவத்தோடு கைத்தொழிலையும் ஊக்குவித்தார். 1906-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜெஸ்ஸி லூதர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பனிக்கரடி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, பறக்கும் வாத்துகள் என அந்த மண்ணின் காட்சிகளே கால்மிதிகளில் வந்தன.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. இழை விட்டுப்போன பட்டுக் காலுறைகளை லாப்ரடாருக்கு அனுப்பச் சொல்லி, நகரத்துப் பெண்களிடம் கேட்டது கிரென்ஃபெல் அமைப்பு. வந்து குவிந்தவற்றைச் சாயமேற்றிக் கீற்றாக்கினார்கள். ஒரு சதுர அங்குலத்தில் 200 வளையங்கள் வரை போட்ட நேர்த்தி! தூரத்தில் பார்த்தால் தூரிகையால் வரைந்த ஓவியம்போலவே இருக்கும்.

ஆனால், ஒரு குறை உண்டு. பல காலம் அந்தப் பெண்களுக்குக் கூலி, துணிமணி வாங்கிக்கொள்ளும் சீட்டாகவே கிடைத்தது. குளிரில் நடுங்கும் குழந்தைக்கு ஒரு கோட்டு கிடைப்பது பெரிய விஷயம்தான். இருந்தாலும், கால்மிதியின் பின்பக்கம் தைத்த முத்திரையில் இருந்தது கிரென்ஃபெல் பெயர். கண் நோக நோகப் பின்னியவளின் பெயர் இல்லை. இன்று அவற்றைத் தேடித்தேடி வாங்கிச் சேகரிக்கிறார்கள். பெரும்பாலானவற்றை யார் செய்தார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அதே கனடாவில், கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகேம்ப் கிராமப் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் லெஃபோர்ட்டின் கதை வேறு. கொக்கியும் கம்பளி நூலும் கொண்டே தலைவர்களின் உருவங்களை வரைந்தார். அவர் படைப்புகள் வெள்ளை மாளிகைக்கும் வத்திக்கானுக்கும் போயின. அவர் பெயரில் ஊரிலேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

இப்போது அங்கே இது வயிற்றுப் பாட்டுக்கான வேலை இல்லை. விடுமுறை நாளில் ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்து, அப்பாவின் பழைய சட்டையையோ மகளுக்குச் சிறுத்துப்போன கவுனையோ கீற்றாக்கி, நிதானமாகச் செய்யும் பொழுதுபோக்கு. ஒரே நாளில் முடியாது. முடிக்க வேண்டிய அவசரமும் இல்லை.

நீங்களும் கைவேலை செய்பவரா? முடித்ததும் அடியில் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் வருடத்தையும் தைத்துவிடுங்கள். பேத்தி ஒருநாள் புரட்டிப் பார்ப்பாள்.