வெல்லத் துண்டும் ஓர் அபாயமணி

செடிகொடிகளின் உடலில் நோயை எதிர்ப்பது எது என வாசகர் வினவலாம். எமது குருதியிற் சுற்றித்திரியும் காவற்கலங்கள் அவற்றிற்குக் கிடையா. எனினும், ஒவ்வொரு கலமும் தன் வாசலில் தானே காவலிருக்கின்றது. பங்கசின் கலச்சுவரிற் கைற்றின் எனும் வெல்லச் சங்கிலி உண்டு. செடியின் நொதியங்கள் அதனை நறுக்க, உதிரும் துண்டுகளைக் கலமேற்பரப்பிலுள்ள புரதங்கள் பற்றியுணர்ந்து, பகை வந்தமையை அறிவிக்கின்றன. கிருமியானது செடியின் சொந்தச் சுவரிலுள்ள பெக்ரினைக் கரைத்தாலும், சிதறும் துண்டுகளே அபாயமணியாகின்றன. சுவர் இடியும் ஓசை கேட்டு வீட்டார் விழிப்பது போன்றதே இது. உடனே கலச்சுவர் தடிக்கின்றது; கிருமிக்கு நஞ்சான பொருட்கள் சுரக்கின்றன.

நாம் வாழும் இந்நாட்டிலேயே இதன் பயனைக் காணலாம். 2010 நவம்பரில் தே புக்கே கிவித் தோட்டங்களில் பிஎஸ்ஏ எனும் பற்றீரியா கண்டறியப்பட்டது. 'ஹோர்ட்16ஏ' என்ற மஞ்சட்கிவி இனம் பெரும்பாலும் வெட்டியகற்றப்பட்டது. பின்னர் 'அக்ரிகாட்' எனும் தெளிமருந்து பயன்பாட்டிற்கு வந்தது. அது பற்றீரியாவைக் கொல்வதில்லை. கொடி தானே ஆக்கும் சலிசிலிக்கமிலத்தைப் போல நடித்துக் காவலை முன்கூட்டியே எழுப்புகின்றது. நோய் முற்றியபின் தெளித்துப் பயனில்லை. மருந்தே தோட்டங்களைக் காத்தது எனல் மிகை. தாங்குதிறன் மிக்க 'கோல்ட்3' இனத்திற்கே பெரும்பங்கு உண்டு.

எமது சமையலறையில் எறியப்படும் இறாற்கோதிலும் கைற்றின் உண்டு. அதனை அமிலத்திலும் காரத்திலும் பதப்படுத்திப் பெறும் கைற்றோசன் பயிர்த்தெளிப்பாக விற்பனையாகின்றது. கோதை அப்படியே தக்காளியடியிற் புதைத்தால் அப்பயன் கிட்டாது. அயலாரின் பூனைகள்தாம் வந்து கிண்டும்.