பாட வரலைன்னா என்னங்க?

'மம்மா மியா' என்றாலே நகரத்து நண்பர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குறாங்க. ஸ்வீடனின் 'அபா' குழுவோட பழைய பாட்டுகளைக் கோத்து ஒரு கதையாம், பியர்ஸ் பிராஸ்னனுக்குப் பாடவே வரலையாம். அதுக்காக அவருக்கு ராஸி விருதே கொடுத்துக் கேலி செஞ்சாச்சு.

வராட்டி என்ன? அங்க யாரும் கச்சேரிக்கு உட்காரலையே. கிரேக்கத் தீவில் ஓட்டை விடுதியை ஒத்தை ஆளா நடத்துற டோனா, மகள் கல்யாண வேலைக்கு நடுவுல பாடுறா. 'டான்சிங் குயின்' பாட்டுல ஊர்ப் பெண்கள் கைவேலையைப் போட்டுட்டு அவ பின்னாடி படகுத்துறை வரைக்கும் ஆடிப்போறாங்க. நடவு வயல்ல பாடுறவங்களிடம் சுருதிப் பெட்டி கேட்போமா?

2008இல் வந்த இந்தப் படத்தை இயக்கிய பிலிடா லாயிட், எழுதிய கேத்தரின் ஜான்சன், தயாரித்த ஜூடி கிரேமர் மூவரும் பெண்கள். உலக வசூல் 60 கோடி டாலருக்கு மேல். மூணு பேரில் மகளுக்குத் தகப்பன் யாருன்னு கடைசிவரை தெரியாது. அதுக்காக அந்தத் தீவு டோனாவைப் பஞ்சாயத்தில் நிறுத்தலை. நடுவயசுப் பொம்பளை அழாம, தண்டனை வாங்காம, ஆடிப் பாடி முடியுற படம் எத்தனை பார்த்திருக்கீங்க?

அதைச் சொல்லுங்க முதல்ல. குரலைப் பத்தி அப்புறம் பேசலாம்.