கரையில் இறக்கிவிட்ட குதிரைகள்

ஒரு வேலைக்கென்றே உண்டான ஊர் எப்படி இருக்கும் என்று நெய்வேலி நகரியத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. அதற்கு முன்பே அங்கிருந்த ஊர்கள் பெயர்ந்து போயின. எந்தத் தேவைக்காக வந்து சேர்ந்தோமோ அது தீர்ந்தபின் நம் பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் இங்கே பலர் மனத்தின் அடியில் கிடக்கிறது. தமிழ்க் கடற்கரையில் இந்த நிலைக்கு வெகுகாலம் முன்பே ஆளான உயிர் ஒன்று உண்டு. அது குதிரை.

குதிரை நம் மண்ணில் பிறந்ததன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்குக் கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் அவை மடிந்ததையும், குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டதையும் வியப்போடு எழுதிவைத்தார். விற்பனை நிற்கக்கூடாதல்லவா! இத்தனை பொன்னைக் கொட்டி வாங்கியும் குதிரையோடு நமக்கு நெருக்கம் வாய்க்கவில்லை. விருத்தாசலம் பக்கத்து ஊர் எல்லைகளில் அய்யனாருக்குச் சுடுமண்ணால் குதிரை செய்து நிறுத்திய குயவர்தான் அதை நமக்கு உரியதாக்கினார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தக் குதிரைக்குப் புல்லும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

உயிருள்ளவற்றுக்கு இரண்டும் வேண்டும். பாக்கு நீரிணையில், இலங்கையின் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் நெடுந்தீவில், பவளக்கல் வேலிகளுக்கு அப்பால் இன்றும் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் பெருக்கியவை என்பது தீவு மக்களின் வழக்கு. பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் கண்காணிப்பில் குதிரை வளர்ப்பு நடந்தது. பிறகு அந்தத் தேவை போயிற்று, ஆண்டவர்களும் போனார்கள். லாயத்தின் தூண்கள் நிற்கின்றன. குதிரைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஈன்று, கோடையில் குளங்கள் வற்றும்போது தண்ணீருக்கு அலைந்து, சில ஆண்டுகளில் கூட்டமாகச் செத்தும் போகின்றன. இக்கரையில் கோடியக்கரையிலும் மட்டக்குதிரைகள் உண்டு. யாரோ வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்த அவை, வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான புல்வெளியில் அந்த மானோடு புல்லுக்குப் போட்டியிடுகின்றன. சீமைக்கருவேலத்தின் நெற்றைத் தின்று சாணத்தின் வழியே விதையையும் பரப்புகின்றன. அந்த மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதன் கொண்டுவந்ததே.

குதிரையின் பழைய வீடும் அமெரிக்காதான். அங்கே உருவான இனம் ஆசியாவுக்குப் பரவியபின், சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொந்த மண்ணில் அழிந்தது. ஸ்பானியரின் கப்பலில் அந்நியனாகத் திரும்பியது. பிறகு நடந்தது நெடுந்தீவின் கதைதான், பரப்பு மட்டும் பெரிது. டிராக்டர் வந்து தேவை குறைந்ததும் காட்டுக்குதிரைகளை விமானத்தால் விரட்டிப் பிடித்து நாய்த் தீவனமாக்கினார்கள். வெல்மா ஜான்ஸ்டன் என்ற நெவாடா மாநிலப் பெண் அதை எதிர்த்துப் போராடினார். பள்ளிப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். 1971இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காத்தபின் பெருகின, மேய்ச்சல் நிலம் தாங்கவில்லை, வானிலிருந்து விரட்டல் மீண்டும் வந்தது, இம்முறை ஹெலிகாப்டரில், அரசின் பெயரில். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பட்டிகளிலும் வாடகைப் புல்வெளிகளிலும் அரசின் செலவில் நிற்கின்றன. 125 டாலரில் தொடங்கும் தொகைக்கு ஒருவர் தத்தெடுக்கலாம். ஓராண்டு ஒழுங்காக வளர்த்துக் காட்டினால்தான் உரிமைப் பத்திரம். 2019இல் தத்தெடுப்போருக்கு ஆயிரம் டாலர் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். அப்படிப் போனவற்றில் சில, இறைச்சிக்கு வாங்குவோர் வரும் ஏலத்தில் போய் நின்றதாகப் பின்னர் செய்தி வந்தது. தேவை, கைவிடல், குற்றவுணர்ச்சி, அதைத் தொடரும் கணக்குவழக்கு; நூற்றாண்டு மாறினாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

அமெரிக்கச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு, 1972இல், நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அங்கே திரும்பிவந்த குதிரையை வரலாற்றின் அடையாளம் என்று சட்டம் அணைத்துக்கொண்டது. இங்கே வெளிமான் முதல் அட்டவணையில் ஏறியது. கோடியக்கரைக் குதிரைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அது வீட்டு விலங்கு, ஆனால் வீடு கிடையாது. ஊட்டியில் சீசன் முடிந்ததும் சாலையில் விடப்படும் சவாரிக் குதிரைக்கு ஓர் உரிமையாளராவது இருக்கிறார். நகராட்சி பிடித்து அபராதம் கேட்கலாம். கோடியக்கரையில் கேட்க ஆளில்லை.

அந்தப் புல்வெளியில் வெளிமானுக்கே முதல் உரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை. குதிரைகளைக் குறைக்கத்தான் வேண்டும் என்று சூழலியலாளர் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். ஆனால் நிலம் கொடுத்துப் பெயர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வாழும் நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் ‘அகற்றுவோம்’ என்று யார் சொன்னாலும், ‘எங்கே குடியமர்த்துவீர்கள்?’ என்று அடுத்த மூச்சில் கேட்பார்கள். எங்கே, எந்தத் தண்ணீரை நம்பி, யார் செலவில் என்ற விவரங்களைக் குதிரைகளுக்காகவும் வனத்துறை முன்கூட்டியே எழுதிவைக்கட்டும்; பிடிக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கட்டும்.