டிசர்டேஷனுக்கும் ஒரு டூட்டி நாள்

"ரெண்டு வருஷமா அந்த ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கிறா, இன்னும் அந்தப் புஸ்தகத்தை எழுதி முடிக்கலையாமே?" பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. அதே படிப்பைப் படித்துவிட்டு இங்கே குப்பை கொட்டுபவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு :-)

கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு நடந்துவந்த இரண்டு வருட முழுநேரப் பயிற்சி. காலையில் ஓ.பி., அப்புறம் வார்டு, கேஸ் ஹிஸ்டரி, டெஸ்டுகள், தெரபி. இத்தனைக்கும் நடுவே டிசர்டேஷன்.

அது வெறும் எழுத்து வேலை என்று வீட்டில் நினைக்கிறார்கள். எழுதுவது கடைசிக் கட்டம்தான். முதலில் சினாப்சிஸ், பிறகு எதிக்ஸ் கமிட்டி அனுமதி. அதற்கப்புறம் நமக்கு வேண்டிய அதே நோயுள்ளவர்கள் வரவேண்டும், சம்மதிக்கவேண்டும், பாதியில் டிஸ்சார்ஜ் ஆகாமல் இருக்கவேண்டும். ராஞ்சிக்குப் போய்ப் படிக்கும் நம் பிள்ளைக்கு இந்தியில் பேட்டி எடுப்பதே தனிப் பாடு. "ஒரு மாசம் லீவு போட்டு முடிச்சிடேன்" என்று சொல்வது சுலபம். நோயாளிகள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து தகவல் சேகரிக்க முடியாது.

அமெரிக்காவில் உளவியல் டாக்டர் பட்டத்துக்கு இன்டர்ன்ஷிப் என்று தனியாக ஒரு வருடம் இருக்கிறது. ஆய்வை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது என்று அங்கே சொல்வார்கள். இங்கே இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன. அப்படியானால் வாரத்தில் ஒரு நாள், குறைந்தது அரை நாள், டூட்டி ரோஸ்டரிலேயே ஆராய்ச்சிக்கென்று எழுதப்படவேண்டும் என்பது என் கட்சி. பயிற்சி மாணவர்களுக்கு முறை வைத்துக் கொடுத்தால் வார்டு ஒன்றும் நின்றுவிடாது.

"நாங்கள் ராத்திரியில் எழுதவில்லையா?" என்று சீனியர்கள் கேட்பார்கள். எழுதினீர்கள் சார். ஆனால் ராத்திரி மூன்று மணி வரை எஸ்.பி.எஸ்.எஸ்.ஸோடு மல்லுக்கட்டிய பிள்ளைதான் காலையில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறது. அவர் சொல்லாமல் விட்டதையும் அது கவனிக்கவேண்டும். தூக்கமில்லாத கண்ணுக்கு அது தப்பிப்போகலாம். இதில் நஷ்டம் மாணவருக்கு மட்டுமில்லை.

2022-ல் யு.ஜி.சி. எம்.ஃபில்.லை நிறுத்தியபோதும், இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கொடுத்தது. இதன் இடத்தில் எந்தப் பெயரில் எது வந்தாலும், வார்டும் ஆய்வும் சேர்ந்தேதான் இருக்கப்போகின்றன. பாடத்திட்டம் போடுகிறவர்கள் அந்த ஒரு நாளையும் சேர்த்துப் போடட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனில் "எப்ப முடிப்பே?" என்பதற்குப் பதில் "இந்த வாரம் எத்தனை பேர் கிடைச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கைடுகூட அவ்வளவு அக்கறையாகக் கேட்டிருக்கமாட்டார்!