அறிக்கை யார் கையில்? தொலைமருத்துவமும் ஆண்டுப் பரிசோதனையும்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பைக்குக் கிழக்கே தாம்பரம், மேற்கே ஒரகடம். ஒருபுறம் மாநகரம், மறுபுறம் மோட்டார் தொழிற்சாலைகள். இரண்டுக்கும் துப்புரவு, சுமைப்பணி, கட்டட வேலை, வீட்டு வேலை எனத் தம் உழைப்பைக் கொடுக்கும் மக்கள் இடைப்பட்ட சேரிகளில் வாழ்கிறார்கள். இவர்களுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலி இல்லாத நாள். படப்பை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பேருந்தில் எளிதாகச் சென்றடையும் தாம்பரமும் குரோம்பேட்டையும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே, கைப்பேசித் திரையில் மருத்துவரைக் காணும் வசதியை நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும் எதுவும் நம் அரசியலுக்கு உட்பட்டதே.

தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் பரவலான இ-சஞ்சீவனி சேவையை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 2 அன்று ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முழு உடல் பரிசோதனை முகாம்கள் தொடங்கின. திட்டங்கள் இருக்கின்றன. அவை யாருக்கு முழுமையாகப் பயன்படுகின்றன என்பதே கேள்வி.

திரைக்கு அப்பால் இருக்கும் மருத்துவர் நாடி பிடிப்பதில்லை, வயிற்றை அழுத்திப் பார்ப்பதில்லை. அவர் நம்பியிருப்பது எண்களையும் தாள்களையும்தான்: சென்ற ஆண்டின் சர்க்கரை அளவு என்ன, இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா, எந்த மாத்திரை எத்தனை மாதங்களாக உட்கொள்ளப்படுகிறது. இவற்றைத் தருவது ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனை. பரிசோதனை நடந்தும் அறிக்கை நம் கையில் இல்லையென்றால், திரையில் பேசும் பத்து நிமிடங்கள் வீணாகின்றன. அறிக்கை கைக்கு வந்து சேரும்போதுதான் பரிசோதனை பெறும் உரிமை முழுமை அடைகிறது.

தொடாத மருத்துவமும் தீண்டாமையும்

பதினோரு மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்ட கள ஆய்வு 2006இல் ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ என்னும் நூலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆய்வுக்குட்பட்ட கிராமங்களில் மூன்றில் ஒரு பங்கில், பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுத்ததை அது பதிவு செய்தது. குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சாரியா மேற்கொண்ட ஆய்வும், நோயாளியைத் தொடுவதிலும் மருந்தைக் கையில் கொடுப்பதிலும் பாகுபாடு வெளிப்படுவதைக் காட்டியது.

இந்த அனுபவத்திலிருந்து பார்க்கும்போது திரை ஓர் ஆறுதலாகத் தோன்றலாம். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே திரை, சேரிக்குள் வராமலிருக்க ஒரு நாகரிகமான காரணமாகவும் மாறக்கூடும். ‘கைப்பேசியில் பேசினாலே போதும்’ என்ற சொல், தொட்டுப் பார்க்க வேண்டிய உடலைத் தொடாமல் அனுப்பிவிடும். மார்பகக் கட்டியையும் ஆறாத கால் புண்ணையும் கருப்பை வாயையும் திரையில் சோதிக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 2 விழுக்காட்டினர்கூட இல்லை. இந்த இடைவெளியைத் தொலைமருத்துவம் நிரப்பாது.

நெறிமுறைகளே இதற்கு வழி வைத்திருக்கின்றன. நேரில் பார்ப்பது தேவை என்று கருதினால் மருத்துவர் அதையே பரிந்துரைக்க வேண்டும். நோயாளியும் எந்த நிலையிலும் தொலை ஆலோசனையை நிறுத்திக்கொள்ளலாம். மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளோ நுழைவதைச் சாதியின் பெயரால் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் தரும் தாள்

ஆண்டுப் பரிசோதனை அரசு முகாமின் கருணையைச் சார்ந்தது மட்டுமே என்ற எண்ணம் பிழையானது. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளரின் மருத்துவப் பதிவையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நுரையீரலில் படிந்த தூசி நோயாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பதிவு அழிந்துவிட்டால் இழப்பீடும் அழிந்துவிடும்.

தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவு, அபாயகரமான செயல்முறைகளில் பணிபுரிவோருக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பதிவுகளைத் தொழிலாளர் பார்க்கலாம் என்றும் கூறியது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, அக்கழிவைக் கையாளும் அனைவருக்கும் பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை நடத்திப் பதிவு செய்யுமாறு மருத்துவமனைகளைப் பணிக்கின்றன. ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளரும் அடங்குவர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, இலவச ஆண்டுப் பரிசோதனையை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. எந்த வயதினருக்கு, எவ்வகை நிறுவனங்களில் என்பதை விதிகள் தீர்மானிக்கும். தொழிலாளர் உரிமைகள் பலவற்றைச் சுருக்கிய தொகுப்பு என்ற விமர்சனத்தைக் கைவிடாமலேயே இக்கடமையை நாம் வலியுறுத்த முடியும்.

நடைமுறையில் சிக்கல் ஒப்பந்ததாரரிடம் தொடங்குகிறது. இரத்தம் எடுக்கப்படுகிறது, கையொப்பம் வாங்கப்படுகிறது, அறிக்கை அலுவலகக் கோப்பிற்குப் போகிறது. தொழிலாளிக்குச் சொல்லப்படுவது ‘சரியாக இருக்கிறது’ என்ற ஒற்றை வரி. நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவரும் கேட்பதில்லை. ஆகவே நம் கோரிக்கை இருபக்கமும் கூர்மையாக இருக்க வேண்டும்: அறிக்கையின் படி தொழிலாளியின் கையில் சேர வேண்டும்; அதைக் காரணமாக்கி அவரை வெளியேற்றக் கூடாது.

ஆயத்தம் கூட்டுப் பணி

தனி அறையும் இணைய வசதியும் உள்ளவர் தனியாக ஆயத்தமாகலாம். ஓரறை வீட்டில், மகனின் கைப்பேசியை நம்பியிருக்கும் தாய் அப்படிச் செய்ய இயலாது. 2019–21 ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்போர் 54 விழுக்காட்டினர். எஞ்சியவர்களுக்கு ஆயத்தம் என்பது ஊரும் அமைப்பும் ஏற்க வேண்டிய பொறுப்பு. நம் படிப்பகங்களும் அம்பேத்கர் மன்றங்களும் மாலைநேர வகுப்புகளும் இதற்கான இடங்கள்.

ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் உறை. அதில் பழைய மருந்துச்சீட்டுகள், முகாம் அறிக்கைகள், மாத்திரைகளின் வெற்று அட்டைகள், முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையின் படி ஆகியவை இருக்கட்டும். ஆலோசனைக்கு முந்தைய நாளே இரத்த அழுத்தத்தை அளந்து எழுத வேண்டும். சர்க்கரை அளவோடு, அது உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் குறிக்க வேண்டும். என்ன தொல்லை, எப்போதிலிருந்து, வேலையில் எதைக் கையாளுகிறார் என்பதைச் சில வரிகளில் எழுதிக்கொள்ளலாம். கடைசிச் செய்தியை விட்டுவிடக் கூடாது: தோல் பதனிடுபவரின் இருமலும் கணக்கரின் இருமலும் மருத்துவருக்கு ஒரே பொருளைத் தருவதில்லை.

மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை. அழைப்பை நோயாளியே தொடங்கினால் அவரது ஒப்புதல் உள்ளதாகக் கொள்ளப்படும். சுகாதாரப் பணியாளர் தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் பெறப்பட வேண்டும். பேச்சு முடிந்ததும் மருந்துச்சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் போன்றவற்றுக்குத் திரையைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உதவச் செல்லும் மாணவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். பிறரின் அறிக்கையைப் படமெடுத்துத் தம் கைப்பேசியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பை இணைத்துக் கொடுத்ததும் அறையைவிட்டு வெளியேற வேண்டும். பெண்களுடன் பெண்களே அமர வேண்டும். நோயைப் பற்றிய செய்தி ஊருக்குள் கசிந்தால், அடுத்தமுறை யாரும் அந்த மேசைக்கு வரமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வைப்போம்: ஆண்டுப் பரிசோதனை முகாம் சேரிக்குள்ளேயே நடக்க வேண்டும், சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அறிக்கை தாளாக வழங்கப்பட வேண்டும். முகாம் எங்கே நடந்தது, எத்தனை பேருக்கு அறிக்கை தரப்பட்டது, எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்போம். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே மாலையில் எழுதி முடிக்கக்கூடிய மனு அது.